சாவியைக் கொடுப்பதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். மூன்று பக்கம் பிரிஞ்சாங் மழை, காய்கறி விலை, யாரோ வீட்டுக் கல்யாணம். நாலாவது பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்தில், "வேலை போச்சுக்கா. மாசக் கடைசிக்குள்ள தோட்டத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்றாங்க. அம்மாவை வச்சிக்கிட்டு எங்க போறது? அவசரத்துக்குத் தங்க இடம் ஏதும் இருக்கா?" கேட்க வேண்டியதை முதல் வரியில் கேட்டால் என்னடா? கூடப் பிறக்காவிட்டாலும் நான் என்ன அந்நியமா?

இடம் இருக்கிறது. சொல்கிறேன். அதற்கு முன் நீ ஒன்று சொல்: ஆபீசில் நீட்டிய தாள் எதிலாவது கையெழுத்துப் போட்டாயா?

என் அப்பா போட்டார். அவர் வேலை பார்த்த ரப்பர் தோட்டம் கைமாறியபோது கிராணி ஒரு தாளை நீட்டினார். "சும்மா ஒரு சைன்தான்" என்றார். அப்பா என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்தார். தானே விருப்பப்பட்டு வேலையை விட்டதாக அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. நாங்கள் நாற்பது நாள் மாமா வீட்டு ஐந்தடி நடைபாதையில் படுத்தோம். என் அம்மாவின் அம்மிக்கல்லை லாரியில் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். லயத்து வாசலிலேயே விட்டுவிட்டு வந்தோம். அவள் சாகும்வரை, அரைத்த மிளகாயைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தக் கல்லைத்தான் சொல்வாள்.

அதனால்தான் கேட்கிறேன். நீயாக விலகினால் ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலை காப்புறுதியும் கிடையாது. அவர்கள் நிறுத்தினால் கணக்கே வேறு. 1980-ஆம் ஆண்டு ஆட்குறைப்பு இழப்பீட்டு விதிகளின்படி, ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவனுக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம். உனக்குப் பதினொரு வருஷம் என்றால் 220 நாள் சம்பளம்! வேலை முடிந்து ஏழு நாளுக்குள் அது உன் கையில் இருக்க வேண்டும். வராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய். சொக்சோவுக்கு வேலை போன 60 நாளுக்குள் மனு போட வேண்டும். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு வரை கிடைக்கும், பிறகு குறைந்துகொண்டே வரும். அநியாயமாக நீக்கினார்கள் என்று தொழில் உறவு இலாகாவில் முறையிடவும் அதே 60 நாள்தான். "தீபாவளி போகட்டும், பார்ப்போம்" என்று இருந்துவிடாதே. நீ இருப்பாய், எனக்குத் தெரியும்.

வீட்டு விஷயம். உன் வீட்டு வாசலில் அவர்கள் ஒட்டியிருப்பது நிர்வாகத்தின் நோட்டீஸ்தான். அது நீதிமன்ற உத்தரவு இல்லை. அந்த நோட்டீஸைச் சட்ட உதவி இலாகாவில் காட்டி, உன் நிலைமைக்கு என்ன உரிமை என்று கேட்காமல் சாவியைக் கொடுக்காதே. சாவியைக் கொடுத்த பிறகு பேச நமக்கு ஒன்றும் இருக்காது.

இனி தங்குமிடம். 15999 என்ற எண்ணைச் சுவரில் எழுதி வை. தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண் அது. இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். தானா ராத்தாவில் மாவட்டச் சமூக நல அலுவலகம் இருக்கிறது. கையில் வீடு இருக்கும்போதே அங்கே போ, தெருவுக்கு வந்த பிறகு அல்ல. உன் அம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டதால் முதியோர் உதவித்தொகைக்கும் அங்கேயே கேட்கலாம்.

"அக்கா, வெல்ஃபேர்ல போய் நிக்கிறதா? நாலு பேர் என்ன சொல்வாங்க?" இதைத்தானே நினைக்கிறாய்? 2013 அக்டோபரில் ரிங்லெட் அணையைத் திறந்துவிட்டதில் பெர்தாம் பள்ளத்தாக்கில் தண்ணீர் புகுந்து உயிர்கள் போயின, ஞாபகம் இருக்கிறதா? வீடிழந்தவர்கள் நிவாரண மையத்தில் படுத்தார்கள், அங்கே கொடுத்த சோற்றைச் சாப்பிட்டார்கள். அவர்களை யாராவது கேவலமாகப் பேசினார்களா? வெள்ளத்தில் மையத்தை நடத்துவதும் இதே சமூக நல இலாகாதான். ஆறு அடித்துக்கொண்டு போனால் வெட்கமில்லை, நோட்டீஸ் அடித்துக்கொண்டு போனால் மட்டும் வெட்கமா?

இன்னொரு பயமும் உனக்கு இருக்கும்: பிடித்துக்கொண்டு போய் ஹோமில் அடைத்துவிடுவார்களோ என்று. அது முழுக்கப் பொய்யில்லை. 1977-ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டம் ஒன்று இருக்கிறது. பிச்சை எடுப்பவரையும், பிழைக்க வழியின்றித் தெருவில் திரிபவரையும் அதிகாரிகள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். அவர் உத்தரவிட்டால் இல்லத்துக்கு அனுப்பலாம். நம் பகாங்கிலேயே ஜெராண்டுட்டில் அப்படி ஓர் இல்லம் இருக்கிறது, டேசா பினா டிரி என்று பெயர். தெருவில் கண்டெடுத்த ஆளாக அங்கே போவது ஒன்று, "இன்ன தேதியில் வீடு போகிறது, அம்மாவுக்குச் சர்க்கரை, எங்களுக்கு என்ன வழி?" என்று நீயே மேசைக்கு முன் உட்கார்ந்து கேட்பது வேறு. இரண்டாவதில் பேச்சு உன் கையில் இருக்கிறது.

முருகன் கோயில் மண்டபத்தில் நாலு நாள் படுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். உன் முதுகு தாங்கும். ஐயாயிரம் அடி உயரத்துக் குளிரில், சிமென்ட் தரையில், அம்மாவின் முழங்கால் என்ன ஆகும்? அப்பன் முருகன் பார்த்துக்கொள்வான், சரி. கோயில் தலைவரிடம் போய் இடம் கேட்பதைவிட, உனக்காகச் சமூக நல அலுவலகத்துக்கு ஒரு கடிதம் தரச் சொல்.

கோலாலம்பூருக்கு பஸ் ஏறும் யோசனையையும் விடு. அங்கே மேடான் துவாங்குவில் மாநகராட்சியின் வீடற்றோர் மையம் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் அது தனியாள் சில நாள் ஒதுங்கி வேலை தேடும் இடம். உன்னைத் தெரிந்தவர்கள், அம்மாவின் கிளினிக் அட்டை, உனக்காகச் சாட்சி சொல்லக்கூடிய பழைய மண்டோர், எல்லாம் மலையில்தான். அதையெல்லாம் விட்டுவிட்டு கோலாலம்பூரில் பையோடு இறங்கி நிற்காதே.

இரண்டு பேரின் ஐசி, பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, வேலை நீக்கக் கடிதம், அம்மாவின் மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைக் கட்டி வை. உங்கள் ஊர் ஈரத்தில் தாளெல்லாம் நமத்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து எனக்கும் அனுப்பு.

திங்கட்கிழமை காலை தானா ராத்தா போ. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. அவள் உன்னைவிடத் தெளிவாகப் பேசுவாள். குளிருக்கு அம்மா போர்த்தும் அந்தப் பழுப்புக் கம்பளி இன்னும் இருக்கிறதல்லவா? பெட்டியின் அடியில் வைத்துக் கட்டிவிடாதே. இடையில் ஒரு வாரம் தேவைப்பட்டால் என் வீட்டு முன்னறை காலியாகத்தான் இருக்கிறது. போய்வந்ததும் எழுது. மழையைப் பற்றி அப்புறம் எழுதலாம்.

அன்புடன்,
அக்கா