மாத்திரை, ஊசி, கைக்குச்சி: எது என்ன செய்யும்?



நம்ம நானுஓயாப் பக்கத் தோட்டங்களில் குடும்பத் திட்டம் செய்கிற தாய்மார் சிலர், உடம்பில் மாற்றம் கண்டதும் பயந்து இடையிலே விட்டுவிடுகிறார்கள். பிறகு நினைக்காத நேரத்தில் கர்ப்பம் தங்கிவிடுகிறது. எந்த முறை என்ன செய்யும் என்று முன்கூட்டியே தெரிந்தால் இந்தப் பயம் வராது.

மாத்திரை (மித்துரி போன்றவை): இதில் இரண்டு ஹோர்மோன் உண்டு. தினமும் ஒன்று குடிக்க வேண்டும். முதல் மூன்று மாதம் குமட்டல், தலையிடி, மார்பு நோவு வரலாம். இரவில் சாப்பிட்டபின் குடித்தால் குமட்டல் குறையும். மாதவிடாய் ஒழுங்காகவும் குறைவாகவும் வரும். இரத்தச்சோகை உள்ளவர்களுக்கு அது நல்லது. ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்குப் பால் கொடுப்பவர்கள், பிரஷர் உள்ளவர்கள், 35 வயது தாண்டிப் புகைப்பவர்களுக்கு இது சரிவராது.

ஊசி (டெப்போ புரோவேரா): 3 மாதத்துக்கு ஒருமுறை. ஒரே ஹோர்மோன். முதலில் விட்டுவிட்டு இரத்தம் படும்; போகப் போகப் பலருக்கு மாதவிடாய் நின்றுவிடும். "இரத்தம் உள்ளுக்குள்ளே கட்டிக்கும்" என்பது தவறு. கர்ப்பப்பையின் உள்தோல் தடிப்பதில்லை, ஆகவே வெளியேற இரத்தம் சேர்வதில்லை. எடை கூடலாம். நிறுத்தினாலும் கர்ப்பம் தங்கப் பல மாதம் ஆகும். அடுத்த வருஷமே பிள்ளை வேண்டும் என்பவர்கள் யோசிக்கவும்.

கைக்குச்சி (ஜடெல்): மேல்கையில் தோலுக்குக் கீழே வைப்பார்கள். 5 வருஷம் வேலை செய்யும். இதிலும் இரத்தம் ஒழுங்கில்லாமல் படலாம். எடுத்துவிட்டால் சீக்கிரமே கர்ப்பம் தங்கும்.

காலையிலிருந்து மலையில் கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு அடிக்கடி இரத்தம் படுவது பெரிய தொல்லைதான். வெட்கப்படாமல் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். அதற்கு மருந்து உண்டு, முறையை மாற்றவும் முடியும். நீங்களாகவே நிறுத்திவிட வேண்டாம்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தால், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், தாங்க முடியாத தலையிடி, பார்வை மங்கல் வந்தால், "நாளைக்குப் பார்ப்போம்" என்று லயத்தில் இருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கிளினிக்கில் மூன்று கேள்வி கேளுங்கள்: இது என்ன? என் உடம்பில் என்ன செய்யும்? வேண்டாம் என்றால் எப்படி நிறுத்துவது? விளங்காவிட்டால் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். கணவரோடு கலந்து பேசுவது நல்லது. ஆனால் கணவரோ, மாமியாரோ, தோட்டத்து ஆட்களோ கட்டாயப்படுத்தக் கூடாது. உடம்பு உங்களுடையது, தீர்மானமும் உங்களுடையதே.