வெண்புள்ளியும் மனப்புண்ணும்

நுழையும்முன்

உடலுக்கு வலி தராத ஒரு மாற்றம் உள்ளத்தை வாட்டுவது எதனால்? வெண்புள்ளி உடையோர் சுமக்கும் மனத்துயரையும் அதில் மொழிக்கு உள்ள பங்கையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நிறம் மறையும் தோல்

மனிதத் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. மெலனோசைட்டுகள் என்னும் செல்கள் அதனை உருவாக்குகின்றன. கிருமிகளை அழிக்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றல், சிலரது உடலில் இச்செல்களையே அழித்துவிடுகிறது. அவ்விடங்கள் வெளுத்து வெண்புள்ளிகளாகின்றன. உலகில் நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்நிலை உண்டு. பலருக்கு 20 வயதிற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இது தொடுவதால் பரவாது.

பெயர் தந்த காயம்

தமிழில் நெடுங்காலம் இது 'வெண்குட்டம்' என்றே வழங்கப்பட்டது. குட்டம் என்பது தொழுநோய். அது பாக்டீரியாவால் உண்டாவது என்பதை 1873இல் நார்வே மருத்துவர் ஹேன்சன் கண்டறிந்தார். தொழுநோய்த் திட்டில் தொடுவுணர்ச்சி குன்றும், வெண்புள்ளியில் குன்றாது. தொடர்பற்ற இரண்டையும் ஒரே சொல் பிணைத்ததால், தொழுநோயாளர் மீது சமூகம் காட்டிய அச்சமும் விலக்கமும் இவர்கள் மீதும் படிந்தன. கூட்டு மருந்துகளால் முற்றிலும் குணமாகும் இக்காலத்தில், தொழுநோயாளரை ஒதுக்குவதும் அறமன்று. 'வெண்புள்ளி' என்னும் சொல்லோ கண்ணுக்குத் தெரிவதை மட்டும் கூறுகிறது. பழி எதையும் சுமத்துவதில்லை.

பார்வையின் சுமை

கோடையிலும் முழுக்கைச் சட்டை அணிதல், குழுவாகப் படம் எடுக்கும்போது ஒதுங்கி நிற்றல், கைகுலுக்கத் தயங்குதல் ஆகியன பிறர் பார்வைக்கு அஞ்சி மேற்கொள்ளும் தற்காப்புகள். நாளை எந்த இடம் வெளுக்குமோ என்னும் ஐயம் கண்ணாடி முன் நிற்கும் ஒவ்வொரு காலையிலும் எழுகிறது. ஒளிச்சிகிச்சையின் பயன் தெரியப் பல மாதங்கள் ஆகும். முகத்தில் நிறம் திரும்பினாலும் விரல் நுனிகளில் எளிதில் திரும்புவதில்லை. இக்காத்திருப்பில் பலர் மனச்சோர்வுக்கும் பதற்றத்திற்கும் ஆளாகின்றனர். திருமணப் பேச்சில் உடன்பிறந்தோரும் தடையைச் சந்திக்க நேர்கிறது. மீனும் பாலும் சேர்த்து உண்டதால் வந்தது என்னும் சான்றற்ற நம்பிக்கை, நோயுற்றவரையே குற்றவாளி ஆக்குகிறது. பரிவோடு கூறப்படும் அறிவுரைகூடச் சில வேளைகளில் புண்படுத்திவிடுகிறது.

புகழும் காக்கவில்லை

பாடகர் மைக்கேல் ஜாக்சன் தம் நிறத்தை வெறுத்துத் தோலை வெளுக்கச் செய்துகொண்டார் எனப் பலர் ஏளனம் செய்தனர். தமக்குத் தோல் நிறமிழப்பு நோய் இருப்பதை 1993இல் தொலைக்காட்சி நேர்காணலில் அவர் வெளியிட்டார். ஆயினும் ஐயம் நீங்கவில்லை. 2009இல் அவர் மறைந்தபின் நிகழ்ந்த உடற்கூறாய்வே அவர் கூற்றை உறுதிசெய்தது. உலகறிந்த கலைஞருக்கே இந்நிலை என்றால், வகுப்பறையின் கடைசி இருக்கையைத் தேடும் மாணவரின் துயரை உணர்தல் அரிதன்று.

மருந்து நிறத்தை மீட்க முயலும் காலம் நீண்டது. அக்காலம் முழுவதும் அம்மாணவருக்கு வேண்டுவது அருகில் அமரும் ஒரு தோழமை. உற்று நோக்காமல் முகம் பார்த்துப் பேசும் இயல்பு. இவற்றை வழங்க மருத்துவம் கற்றிருக்க வேண்டியதில்லை.

தெரிந்து தெளிவோம்

மைக்கேல் ஜாக்சன் மறைந்த நாளான சூன் 25, உலக வெண்புள்ளி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.