சாளக்கிராமமும் கல் வைத்தியமும்

பூசைக்குரிய கற்களுள் சாளக்கிராமம் தனிச்சிறப்புடையது. சிற்பியின் உளி படாது தானே தோன்றியதாதலின் இதற்குப் பிரதிஷ்டை வேண்டுவதில்லை என்பர். நேபாளத்தில் முக்திநாத் திருத்தலத்தின் அருகே பாயும் கண்டகி நதியில் இது கிடைக்கிறது. 108 திவ்விய தேசங்களுள் ஒன்றான இத்தலத்தைத் திருமங்கையாழ்வார் பாடியுள்ளார். கரிய கல்லினுள் சுருண்டிருக்கும் சக்கரத்தைத் திருமாலின் சுதர்சனமாகக் கண்டு வழிபட்டனர் நம் முன்னோர்.

அச்சக்கரம் ஒரு கடற்பிராணியின் ஓட்டுச் சுவடு. கணவாய்க்கு உறவான அப்பிராணியை அறிவியலார் அம்மோனைட் என்பர். இமயம் எழுவதற்கு முன் அங்கே தெதிஸ் என்னும் கடல் இருந்தது. ஏறக்குறைய 14 கோடி ஆண்டுகளுக்கு முன் இறந்த பிராணிகளின் ஓடுகள் சேற்றில் புதைந்து, சேற்றோடு கல்லாயின. இந்திய நிலம் ஆசியாவுடன் மோதியபோது கடலடி மலையாக உயர்ந்தது. கண்டகி நதி அம்மலையை அறுத்து அக்கற்களை வெளியே கொண்டுவருகிறது. இதை அறிவதால் பக்தி குறைய வேண்டியதில்லை. கடல் மலையானதும் இறைவன் ஆடலன்றோ!

வில்கமுவவுக்கு அண்மையில் எலஹெரவில் அகழப்படும் நீலக்கற்களில் இத்தகைய சுவடுகள் இரா. அவை பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவானவை.

இக்காலத்தில் புதைபடிவக் கற்களும் பளிங்குகளும் நோய் தீர்க்குமென விற்கப்படுகின்றன. கனடாவின் அல்பேர்டாவில் கிடைக்கும் வானவில் நிற அம்மோலைட் அவற்றுள் ஒன்று. 2001இல் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி உளவியலாளர் கிறிஸ்டோபர் பிரெஞ்ச், சிலரிடம் உண்மைப் பளிங்கையும் சிலரிடம் போலிக் கல்லையும் கொடுத்துப் பார்த்தார். இரு சாராரும் ஒரேவிதமாகவே உடலில் சிலிர்ப்பும் சூடும் உணர்ந்ததாகக் கூறினர்.

சாளக்கிராம தீர்த்தம் பிணி போக்கும் என்று மந்திரம் சொல்கிறதே எனச் சிலர் கேட்கக்கூடும். அது பக்தனின் பிரார்த்தனை. அதைச் சொல்லித் தீர்த்தம் தரும் குருக்களும் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போகத்தான் செய்கிறார். மேலும், ஓர் உத்தரணி தீர்த்தம் வேறு. ஏதோவொரு கல்லைச் செம்புத் தண்ணீரில் ஊறவிட்டுத் தினமும் குடிப்பது வேறு. இத்தகைய சில கற்களில் இரும்பும் கந்தகமும் கலந்த மஞ்சள் கனிமம் உண்டு. அது நீரில் கரைந்தால் உடலுக்கு ஆகாது.

வில்கமுவ மக்கள் இவ்விடயத்தில் ஏனையோரைவிடக் கவனமாயிருக்கக் காரணம் உண்டு. 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் இப்பிரதேசத்தையும் விடவில்லை. வயலில் வேலை செய்வோரையே அது அதிகம் பிடிக்கிறது. தொடக்கத்தில் வலியோ வீக்கமோ தெரியாது. களைப்பு, இடுப்பு நோவு என்று கல்லைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் மாதங்களில் சிறுநீரகம் சத்தமின்றிக் கெட்டுக்கொண்டே போகும். கெட்ட பகுதி திரும்பத் தேறாது. இரத்தத்தில் கிரியேட்டினின் அளவையும் சிறுநீரில் புரதத்தையும் பார்த்தால் நோயை முன்கூட்டியே அறியலாம். அரசாங்க வைத்தியசாலையில் இப்பரிசோதனைகளுக்குக் காசு கேட்பதில்லை.