சிகிச்சைக்குக் கட்டியது அரசு. கம்பெனியிடம் கேட்பது யார்?

கேள்வி: என் அப்பா நாற்பது வருஷம் சிகரெட் பிடித்தவர். நுரையீரல் புற்றுநோயால் போன வருஷம் இறந்துவிட்டார். அரசு மருத்துவமனையில்தான் வைத்தியம். செலவில் பெரும்பகுதி அரசுடையது. அமெரிக்காவில் அரசாங்கமே சிகரெட் கம்பெனிகள்மேல் வழக்குப் போட்டுப் பணம் வாங்கியதாமே! இங்கே ஏன் இல்லை? நாங்களாவது போடலாமா?
- ஒரு வாசகி, பிரேசர் டவுன், பெங்களூரு

வழக்கறிஞர் பதில்: செலவில் பெரும்பகுதி அரசுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்க வழக்குகள் பிடித்துக்கொண்டதும் அந்த நூலைத்தான். அதற்குமுன் அங்கே தனிமனிதர்கள் போட்ட வழக்குகள் அநேகமாக எல்லாம் தோற்றன. "தெரிந்துதானே பிடித்தீர்கள்" என்று கம்பெனிகள் தப்பித்தன. 1994-ல் மிசிசிப்பி மாநில அட்டர்னி ஜெனரல் மைக் மூர் வழியை மாற்றினார். அரசு ஒரு சிகரெட்டும் பிடிக்கவில்லை. ஏழை நோயாளிகளுக்காகச் செலவழித்தது. அதைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டார். 1998 நவம்பரில் 46 மாநிலங்களோடு கம்பெனிகள் ஒப்பந்தம் போட்டன: 25 ஆண்டுகளில் சுமார் 20,600 கோடி டாலர். பணத்தைவிட, அந்த வழக்குகளால் வெளியே வந்த லட்சக்கணக்கான உள் ஆவணங்களையே நான் பெரிதாக நினைக்கிறேன். நிக்கோடின் அடிமையாக்கும் என்பது கம்பெனிகளுக்கு எப்போதோ தெரியும் என்பது அவற்றால்தான் அம்பலமானது.

நம் நாட்டில் கம்பெனிகள்தான் அரசின்மேல் வழக்குப் போடுகின்றன. அதன் பெரிய களம் உங்கள் ஊர். பாக்கெட்டில் 85 சதவீத இடத்தில் படத்துடன் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்ற மத்திய விதி 2016 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதை எதிர்த்துப் பல மாநிலங்களில் போட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு மாற்றியது. 2017 டிசம்பர் 15 அன்று அந்த விதி ரத்தானது. மூன்றரை வாரத்தில், 2018 ஜனவரி 8-ல், உச்ச நீதிமன்றம் தீர்ப்புக்குத் தடை விதித்ததால்தான் பெரிய படம் பிழைத்தது. ஒரு படத்தைக் காப்பாற்றவே இந்தப் பாடு!

அரசு ஏன் தானாக இறங்கவில்லை? அதன் கையும் கட்டுண்டிருக்கிறது என்பது என் கருத்து. புகையிலை வரி கஜானாவுக்கு வருகிறது. நாட்டின் மிகப் பெரிய சிகரெட் கம்பெனியான ஐ.டி.சி.யில் எல்.ஐ.சி. சுமார் 15 சதவீதப் பங்கு வைத்திருக்கிறது. ஹுன்சூர், பிரியாபட்டணா பக்கம் விளையும் புகையிலையை ஏலம் விடுவதும் மத்திய அரசின் புகையிலை வாரியமே. ஆனால், 2017-18-ல் மட்டும் புகையிலை நோய்களாலும் மரணங்களாலும் நாட்டுக்கு ஏற்பட்ட பொருளாதார இழப்பு ரூ.1.77 லட்சம் கோடி என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. வருமானத்தைக் காட்டி இதை மூடி மறைக்க முடியாது.

கனடா காட்டிய வழி நமக்குப் பொருந்தும். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டது. ஒவ்வொரு நோயாளியின் கோப்பையும் காட்ட வேண்டாம், மக்கள்தொகைப் புள்ளிவிவரமே சாட்சியாகும் என்றது அது. கம்பெனிகள் எதிர்த்தன, 2005-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. மாகாணங்களுக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்குமாக 3,250 கோடி கனடிய டாலர் தரும் திட்டத்துக்கு நீதிமன்ற ஒப்புதல் கிடைத்தது 2025 மார்ச்சில்தான். அத்தனை வருஷம் விடாமல் நின்றார்கள். நம் அரசமைப்பில் பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலிலும், இழப்பீடு கோரத்தக்க தீங்குகள் பொதுப் பட்டியலிலும் இருக்கின்றன. கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனையை நடத்தும் கர்நாடக அரசு இப்படியொரு சட்டம் கொண்டுவரலாம், கொண்டுவர வேண்டும்.

நீங்களே போடலாமா? நுகர்வோர் ஆணையத்தில் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். நோய் தெரிந்த நாளிலிருந்தே அதை எண்ணலாம் என்பதால் தாமதிக்காதீர்கள். ஆனால் இந்த சிகரெட்டால்தான் இந்த நோய் என்று நிரூபிக்கும் சுமை முழுக்க உங்கள்மேல் விழும். ஜெயிக்கும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். பயாப்ஸி அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, காப்பீட்டுத் திட்டச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். நகல் எடுத்து, சிகிச்சையில் அரசு கட்டிய தொகையைத் தனியே குறித்து, செலவை மீட்கச் சட்டம் வேண்டும் என்ற மனுவோடு உங்கள் தொகுதியான புலிகேசி நகரின் எம்.எல்.ஏ.விடமும் மாநில சுகாதாரத் துறையிடமும் கொடுங்கள். அக்கம்பக்கத்தில் இதே நோயில் ஆளை இழந்த குடும்பங்களையும் கையெழுத்திடச் சொல்லுங்கள்.