வயிற்றுப் பிள்ளையின் உடம்பு எதனால் ஆகிறது?



நாட்றம்பள்ளிப் பக்கத்தில் தோல் வேலையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர் தொழிற்சாலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்: பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிரையும் சவ்வையும் நீக்கினால் மிஞ்சுவது நார் நாரான ஒரு பொருள். அதுதான் கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் கயிறுபோல முறுக்கிய மூலக்கூறு அது. ஆட்டுக்கு மட்டுமா? நம் தோலிலும் எலும்பிலும் அதே நார்தான். வயிற்றில் வளரும் பிள்ளைக்கும் அதுவேதான்.

உடம்பின் படிகள்

மூலக்கூறுகள் சேர்ந்தால் உயிரணு. உயிரணுக்கள் சேர்ந்தால் திசு. திசுக்கள் சேர்ந்தால் இருதயம், ஈரல் போன்ற உறுப்பு. உறுப்புகள் எல்லாம் சேர்ந்ததே உடம்பு.

பிள்ளை ஒரே ஓர் உயிரணுவாகத்தான் தொடங்குகிறது. அதற்குள் டி.என்.ஏ. என்ற மூலக்கூறு இருக்கிறது. எந்த உறுப்பை எப்படி அமைப்பது என்ற குறிப்பு அதில் உண்டு. பாதி தாய் தந்தது, பாதி தகப்பன் தந்தது. குறிப்பை இருவரும் தந்தாலும், சாமான் முழுவதும் தாயின் இரத்தத்திலிருந்துதான் போக வேண்டும்.

இரும்பு குறைந்தால்?

இரத்தத்தின் ஒரு சிவப்பணுவில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 4 இரும்பு அணுக்கள். அந்த இரும்புதான் பிராணவாயுவைச் சுமக்கிறது. கீழ்ப்படியில் இரும்பு குறைந்தால் மேற்படிகள் எல்லாம் ஆட்டம் காணும். தாய்க்கு அசதி, மூச்சு வாங்கல். பிள்ளை எடை குறையலாம், மாதம் நிறையாமலும் பிறக்கலாம். பிரசவத்தில் இரத்தம் போனால் தாயின் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் அது சோகை.

செய்ய வேண்டியவை

1. கேழ்வரகுக் களியோடு முருங்கைக்கீரை, பருப்பு, கொள்ளு, முட்டை சேருங்கள். முடிந்தபோது கறி, மீன்.

2. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஏதாவது ஒன்று தினமும் வேண்டும். வைட்டமின் சி இல்லாமல் கொலாஜன் உறுதிப்படாது; கீரை, பருப்பிலுள்ள இரும்பும் சரியாக உடம்பில் ஒட்டாது.

3. சாப்பாட்டோடு டீ வேண்டாம். ஆவாரம்பட்டையின் துவர்ப்பு தோலைப் பிடித்துக்கொள்வதுபோல, டீயின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

4. நான்காம் மாதம் முதல் இரும்புச்சத்து மாத்திரை தினம் ஒன்று, 180 நாள். பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள். "வெளிக்கு கறுப்பா போகுதுங்க" என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். அது கெடுதல் அல்ல, நிறுத்தாதீர்கள்.

5. பிள்ளையின் மூளை, தண்டுவடத்துக்கு அடிப்படையான குழாய் கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளியது தெரியும்போதே பாதிக் காலம் போயிருக்கும். ஆகவே பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே கிராம சுகாதார செவிலியரிடம் போலிக் அமில மாத்திரை கேளுங்கள்.

6. செலவான இரும்பு திரும்பச் சேர நாளாகும். அடுத்த பிள்ளைக்கு 3 ஆண்டு இடைவெளி விடுங்கள்.

வீட்டுக்காரர்களே! எல்லாரும் சாப்பிட்ட பின் பானையை வழித்துச் சாப்பிடுவது பல வீடுகளில் மருமகள் பங்கு. இன்று ராத்திரி அவளையும் கூட உட்காரவைத்து, கீரையும் முட்டையும் முதலில் அவள் தட்டில் போடுங்கள். உங்கள் பிள்ளையும் அந்தத் தட்டில்தான் சாப்பிடுகிறது.