வேள்விகுடி: ஓர் ஊரின் தோற்றமும் உரிமை மீட்பும்

முன்னுரை

ஊர்களின் தோற்றத்தைக் கூறும் கொடை ஆவணங்கள் பெரும்பாலும் கொடையாளனின் புகழையும் ஊரின் எல்லைகளையும் பேசி அமைகின்றன. வேள்விகுடிச் செப்பேடு இதனின் வேறுபட்டது. ஓர் ஊர் பெயர்பெற்றதையும், உரியவர் கையினின்று நீங்கியதையும், மீண்டும் அவர் வழியினரைச் சேர்ந்ததையும் அது ஒருசேரக் கூறுகிறது. பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் மூன்றாம் ஆட்சியாண்டில், எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழங்கப்பெற்ற இச்செப்பேடு, பத்து ஏடுகளில் 155 வரிகளைக் கொண்டது. வடமொழியும் தமிழும் விரவியது. களப்பிரர் வரலாற்றுக்கும் பாண்டியர் மரபுவழிக்கும் இதனை ஆய்வாளர் பெரிதும் பயன்படுத்தியுள்ளனர். இக்கட்டுரை ஊரையே மையமாக வைத்து இதனை ஆராய்கிறது.

பெயரும் தோற்றமும்

கொற்கைகிழான் நற்கொற்றன் மேற்கொண்ட வேள்வி நிறைவுற்றபோது, பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி வேள்விச்சாலையின் முன்னின்று, கேள்விசால் அந்தணர் கேட்குமாறு இவ்வூரை அவனுக்கு வழங்கினான் என்பது செப்பேடு தரும் செய்தி. ஊர் பாகனூர்க் கூற்றத்தில் அமைந்திருந்தது. வேள்வியால் கிடைத்த குடியிருப்பு ஆதலின் வேள்விகுடி என்னும் பெயர் நிகழ்வையே நினைவூட்டுகிறது.

முதுகுடுமியைப் புறநானூற்றின் 6, 9, 12, 15, 64 ஆகிய பாடல்கள் பாடுகின்றன. அவற்றுள் நெட்டிமையாரின் 15ஆம் பாடல் அவன் வேள்வித்தூண் நட்ட களங்களைச் சிறப்பித்துப் பேசுகிறது. அவனை வேள்வி செய்த வேந்தனாகக் காட்டுவதில் பாடலும் செப்பேடும் ஒத்துச்செல்கின்றன. எனினும் அவனுக்கும் செப்பேட்டுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் உள்ளன. ஆகவே இச்செய்தியைக் கொடை நிகழ்ந்த காலத்து நேர்ச்சான்றாகக் கொள்வதினும், எட்டாம் நூற்றாண்டு மக்கள் தம் ஊரின் தோற்றம் பற்றிப் போற்றிவந்த நினைவாகக் கொள்வதே பொருந்தும்.

இழப்பு

நெடுங்காலம் துய்க்கப்பெற்ற பின்னர், களப்பிர அரசன் இவ்வூரைக் கைப்பற்றினான் என்று செப்பேடு கூறுகிறது. அதன்பின் கடுங்கோன் பாண்டிய நாட்டை மீட்ட செய்தியும், அவன் வழிவந்தோரின் வெற்றிகளும் விரிவாக இடம்பெறுகின்றன. இவ்வரிசையில் கடுங்கோன் முதலாக எண்ணினால் நெடுஞ்சடையன் ஏழாமவன். அவனுக்கு முன் அறுவர் ஆட்சி கழிந்தும் வேள்விகுடி பழைய உரிமையாளரைச் சேரவில்லை. களப்பிரர் கவர்ந்தனர், பாண்டியர் மீட்டனர் என்னும் எளிய வாய்பாடு இங்குப் பொருந்தவில்லை. நாடு மீண்டது வேறு, நாட்டினுள் ஓர் ஊரின் உரிமை மீண்டது வேறு என்பதை இந்நீண்ட இடைவெளி உணர்த்துகிறது.

முறையீடும் சான்றும்

கூடல் நகரில் எழுந்த முறையீட்டைக் கேட்டு அரசன் வினவுகிறான். முன்னோன் ஒருவன் அளித்த ஊர் களப்பிரரால் பறிபோன வரலாறு அவனுக்கு எடுத்துரைக்கப்படுகிறது. அரசன் முறுவலித்து, ஊரின் பழமையை நாட்டாரைக் கொண்டு மெய்ப்பித்துப் பெற்றுக்கொள்ளுமாறு பணிக்கிறான். நற்கொற்றனின் வழித்தோன்றலான காமக்காணி நற்சிங்கன் அவ்வாறே மெய்ப்பிக்க, அரசன் தன் முன்னோர் கொடையைத் தானும் உறுதிசெய்கிறான்.

இந்நிகழ்ச்சியில் கருதத்தக்கவை இரண்டு. முதலாவது, தன் குலமுதல்வனின் கொடை என்று கூறப்பட்டும் அரசன் அதனைச் சான்றின்றி ஏற்கவில்லை. இரண்டாவது, பழைய ஆவணம் எதுவும் காட்டப்பெற்றதாகச் செப்பேடு குறிக்கவில்லை. சான்றாக நின்றது நாட்டார் கூற்றே. எழுத்து இல்லாதவிடத்து நாட்டாரின் நினைவுக்குப் பற்றுக்கோடாக விளங்கத்தக்கது ஊரின் பெயர். அண்டை ஊரார் நாள்தோறும் வழங்கிய பெயரிலேயே கொடையின் வரலாறு அடங்கியிருந்தது.

இதே அரசனின் பதினேழாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த சீவரமங்கலச் செப்பேட்டை இதனோடு ஒப்பிடலாம். அங்கு வேலங்குடி என்னும் ஊர் பழம்பெயர் நீக்கப்பெற்றுச் சீவரமங்கலம் எனப் புதுப்பெயருடன் பிரமதேயமாக்கப்பட்டது. வேள்விகுடியிலோ பழம்பெயரைப் பேணுதலே உரிமையை நிலைநாட்டும் வழியாயிற்று. ஓரிடத்தில் பெயர் மாற்றமும் மற்றோரிடத்தில் பெயர்க் காப்பும் ஒரே நோக்கத்தை நிறைவேற்றியுள்ளன.

முடிவுரை

வேள்விகுடியின் தொடக்க வரலாறு, ஊரின் தோற்றக்கதை வெறும் பழம்பெருமை அன்று, நிலவுரிமையை நிறுவும் கருவி என்பதைக் காட்டுகிறது. ஆயினும் அக்கருவி ஒருசாரார்க்கே பயன்பட்டது. கொடைக்கு முன் அவ்வூர் எப்பெயரால் வழங்கியது என்பதும், உரிமை கைமாறிய காலமெல்லாம் அந்நிலத்தை உழுதோர் யாவர் என்பதும், மீட்பின்போது நிலத்தை இழந்தோர் என்ன வாதிட்டனர் என்பதும் செப்பேட்டில் இடம்பெறவில்லை. ஒரு குடும்பத்தின் உரிமையைக் காத்த பெயரே அதற்கு முற்பட்டவற்றை மறைக்கவும் செய்தது. ஊர்ப்பெயராய்வு மேற்கொள்வோர், ஒரு பெயர் எதனை நினைவில் நிறுத்துகிறது என்பதோடு எதனை நீக்குகிறது என்பதையும் வினவுதல் வேண்டும்.