மானியம் கைக்கு வராது

இயற்கையில் விளைந்த மல்லாட்டையை மூட்டையாக விற்காமல் செக்காட்டி விற்க நினைக்கும் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்துச் சகோதரிகளுக்காக இந்தக் கணக்கு.

2008ல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமத்துப் பெண்ணுக்கு மானியம் 35 விழுக்காடு. கைப்பணம் 5 விழுக்காடு போதும். சாகுபடிக்குக் கிடையாது, மதிப்புக்கூட்டலுக்குத்தான். 4 லட்சத்தில் மரச்செக்கு என்று வையுங்க. உங்க பங்கு 20,000, கடன் 3,80,000, மானியம் 1,40,000.

இங்கேதான் பலர் குழம்புறாங்க. அந்த 1,40,000 கைக்கு வராது. வங்கியில் உங்க பெயரில் 3 ஆண்டு வைப்பாகக் கிடக்கும். அதற்கு வட்டி இல்லை. அதே அளவு கடனுக்கும் வங்கி வட்டி போடக்கூடாது. ஆக, மானியம் வந்த நாள் முதல், தொடக்கக் கணக்குப்படி 2,40,000க்குத்தான் வட்டி. பாஸ்புக்கைப் பாருங்க. முழுக் கடனுக்கும் ஏறியிருந்தால் மேலாளருக்கு எழுதியே கொடுங்க. நான் வங்கியில் இருந்தவன். வாய்ப்பேச்சு கோப்பில் ஏறாது.

மூன்று ஆண்டும் செக்கு ஓடணும், தவணை தவறக்கூடாது. பிறகுதான் மானியம் கடனில் கழியும்.

இந்த அளவு சிறுதொழில் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஏற்கெனவே அரசு மானியம் வாங்கிய தொழிலுக்கு இதில் இடமில்லை. விவரம் கடலூர் மாவட்டத் தொழில் மையத்தில் கிடைக்கும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. கமிஷன் கேட்டு வருகிறவரை வாசலோடு அனுப்பிடுங்க.